உரிமையாளர் முகம் காட்டவும்

பெத்லகேம் பகுதி, ஆம்பூர்
16-6-2024

அன்புத் தங்கை ஜீவாவுக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் சுகம். தைக்க வருகிற பில்கிஸும் தனகோடியும் தினம் உன்னை விசாரிக்கிறார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா என்று உடனே எழுது.

நவதுறவு இல்லத்தில் ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தேன். நேற்று தபால் உறை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "யாருக்குமா, கோர்ட்டுக்கா?" என்கிறார். கன்னியர் மடத்துக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தோல் பர்ஸை விற்க அந்த ஆன்லைன் தளத்தில் நீ ஆரம்பித்து வைத்துவிட்டுப் போன கடை என் உயிரை வாங்குகிறது. இந்தூரில் இருந்து ஒருத்தன் இருநூறு பர்ஸுக்கு விலை கேட்டான். நூற்று அறுபதுக்குக் கொடுக்கலாம். அவன் குறைத்துக் கேட்பான் என்று இருநூற்று நாற்பது போட்டேன். ஆளே காணோம்! ஒரு பதில் கிடையாது. கட்டாது என்றாவது சொல்லக் கூடாதா? நம் ஊர் தோல் மண்டியில் முதலில் சொல்கிற விலையை யார் விலை என்று எடுத்துக்கொள்கிறார்கள்? கொஞ்சம் இழுத்துப் பேசி, டீ குடித்து, பாதி வழியில் எழுந்து போவது போல் போய், திரும்பி வந்துதானே வாங்குவார்கள்? இவன் மாதிரி ஒன்பது பேர் போய்விட்டார்கள். மரியாதை தெரியாத கூட்டம்.

ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் இதில் இறங்கியதே உன்னை நம்பி. நீ ஆண்டவரை நம்பிப் போய்விட்டாய். எப்படிச் செய்வது என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபத்தோடு,
ஹெலன் அக்கா

*

நவதுறவு இல்லம்
7-7-2024

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கடிதம் எழுதலாம். வருவதையும் போவதையும் மதர் அன்னம்மாள் படித்துவிட்டுத்தான் தருவார். அதை மனதில் வைத்துக்கொள்.

அக்கா, அந்த இந்தூர்க்காரர் மரியாதை தெரியாதவர் இல்லை. அவர் திரையில் உன் விலைக்குப் பக்கத்திலேயே இன்னும் இருபது பேர் விலை இருக்கும். இருநூற்று நாற்பதைப் பார்த்ததும் அடுத்த ஆளிடம் போய்விடுவார். அங்கே டீக்கடை கிடையாது. நீ செய்ய வேண்டியது இதுதான்: கொடுக்கக்கூடிய விலையையே முதலில் போடு. ஐம்பது வாங்கினால் இந்த விலை, இருநூறு வாங்கினால் இது, ஐநூறு வாங்கினால் இது என்று மூன்றாகப் பிரித்துப் போடு. அவர் செய்ய வேண்டிய பேரத்தை நீயே செய்து எழுதிவிட்டாய் என்று வைத்துக்கொள். யாராவது விலை கேட்டால் அன்றைக்கே பதில் போட வேண்டும். தாமதமாகப் பதில் சொல்கிறவர்களை அந்தத் தளம் கீழே தள்ளிவிடும்.

படங்களை வாசலில் காலை வெளிச்சத்தில் எடு. ஃப்ளாஷ் போட்டால் தோல் ரெக்ஸின் மாதிரி தெரியும். பர்ஸைப் பிடித்திருக்கும் பில்கிஸ் அக்காவின் மருதாணிக் கை படத்தில் வேண்டாம். பர்ஸ் மட்டும் தெரியட்டும்.

தனகோடி அக்காவின் இருமல் எப்படி இருக்கிறது?

ஜெபங்களுடன்,
ஜீவா

*

ஆம்பூர்
22-7-2024

அன்பு ஜீவாவுக்கு,

சுகம், சுகம் வேண்டும். தனகோடிக்கு இருமல் கம்மி. என் கடிதத்தை மதர் படிப்பாராமே? நல்லது. படிக்கட்டும். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு வரும் கடிதத்தை இன்னொருத்தர் பிரித்துப் படிப்பது எந்த வேதத்தில் இருக்கிறது என்று அவரையே கேட்கிறேன்.

நீ சொன்ன மாதிரி மூன்று விலை போட்டேன். போடும்போது வயிறு எரிந்தது. கேட்காதவனுக்கு யாராவது குறைத்துக் கொடுப்பார்களா? ஆனால் நாக்பூரில் இருந்து ஒருத்தர் ஒரு வார்த்தை பேசாமல் இருநூறு எடுத்துவிட்டார். சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு மனுஷனோடு பேசாமல் நடந்த வியாபாரம் இதுதான் முதல் தடவை. உன் மாமா சிரிக்கிறார். "பேஜார் இல்லாம துட்டு வந்தா உனக்குப் புடிக்காதே" என்கிறார்.

ஒரு விஷயத்தில் நீ தப்பு. மருதாணிக் கையை எடுத்துவிட்டுப் படம் போட்டேன், விலை விசாரிப்பே நின்றுவிட்டது. திரும்பக் கையோடு போட்டேன், வந்தது. கை இருந்தால்தான் பர்ஸ் எத்தனை பெரிது என்று தெரிகிறது. படிச்சவளுக்கு இது தெரியவில்லை என்று பில்கிஸ் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டேனே, அதற்குப் பதில் இல்லையே?

உன் அக்கா,
ஹெலன்

*

நவதுறவு இல்லம்
4-8-2024

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லாருடைய நலனுக்கும் மாலை ஜெபத்தில் வேண்டுகிறேன். பில்கிஸ் அக்காவிடம் நான் தோற்றுவிட்டேன் என்று சொல்.

இனி வரும் மாதங்கள் முக்கியம். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கம்பெனிகள் பரிசுப் பொருள் வாங்கும். 'சாம்பிள் அனுப்புங்கள்' என்று கேட்கிறவர் எல்லாருக்கும் இலவசமாக அனுப்பாதே. கூரியர் செலவையாவது அவர் ஏற்கட்டும். நிஜமாக வாங்குகிறவர் அதற்குக் கோபப்பட மாட்டார். பொருள் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி மதிப்புரை எழுதி நட்சத்திரம் போடச் சொல்லிக் கேள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அந்த நட்சத்திரங்கள்தான் அங்கே நமக்கு நாலு பேர் சொல்கிற நல்ல வார்த்தை.

இங்கே தோட்டத்தில் கத்தரி நன்றாகக் காய்த்திருக்கிறது. எனக்குத் தண்ணீர் விடும் வேலை.

அன்புடன்,
ஜீவா

*

ஆம்பூர்
12-11-2024

அன்பு ஜீவாவுக்கு,

நாங்கள் சுகம். கை வலிக்கிற அளவுக்கு சுகம். தீபாவளிக்கு வந்த ஆர்டரில் மூன்று மாதமாகத் தலை நிமிரவில்லை. அதனால்தான் கடிதம் இல்லை. ஷூ கம்பெனி கட்டிங்கில் இருந்து வாங்கி வைத்த துண்டுத் தோல் அத்தனையும் காலி. மூன்றாவது மெஷின் போட்டாயிற்று. பேரணாம்பட்டில் இருந்து யோகலட்சுமி என்று ஒரு பெண் வருகிறாள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள். அவளையும் என்னையும் சேர்த்து நான்கு பேர் வீட்டு அடுப்பு இப்போது இந்தத் தளத்தை வைத்துத்தான் எரிகிறது.

சாம்பிள் கேட்டு ஏமாற்றுகிறவனை இப்போது வாசத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம் வாங்கிவிட்டோம்.

யாருக்கு? ஜீவாவுக்கு! 'ஜீவா மேடத்தின் தையல் மிக நேர்த்தி.' 'ஜீவா மேடம் சொன்ன தேதியில் அனுப்பினார்.' ஜீவா மேடம் அங்கே கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். இங்கே விரலில் ஊசி ஏறுவது எனக்கு. எனக்கு இங்கிலீஷ் வராது, உன் பெயரிலேயே போடு என்று சொன்னது நான்தான். அதற்காக நாடு முழுக்க உனக்கா பாராட்டு? பணம் வந்து விழுகிற பேங்க் கணக்கும் உன் பெயர். ஏழையாக வாழப் போகிறேன் என்று போனவள் பெயரில் வியாபாரம் ஓஹோ என்று நடக்கிறது.

விளையாட்டுக்குத்தான் திட்டுகிறேன். முழுக்க விளையாட்டும் இல்லை.

சந்தோஷமாக இருக்கிறாயா? மூன்றாவது முறை கேட்கிறேன்.

ஹெலன்

*

நவதுறவு இல்லம்
5-1-2025

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் இங்கே கடிதம் எழுதுவதில்லை. உன் கடிதத்தை இப்போதுதான் கொடுத்தார்கள். யோகலட்சுமிக்கும் என் அன்பைச் சொல்.

நீ கோபப்பட்டது சரி, அக்கா. ஜூனில் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, பீடத்தின் முன்னால் துறவு சபதம் எடுக்கும் நாள். அதற்கு முன்னால் என் பெயரில் இருப்பதை எல்லாம் வேறொருவர் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். என் பெயரில் நிலமா, நகையா? இந்த ஒரு கணக்குதான். மதரிடம் சொன்னேன். உன் பொறுப்பில் விடுவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். நீ அந்தத் தளத்தாரிடம் பேசி உன் பெயருக்கு மாற்றிக்கொள். அவர்கள் மறுத்தால் உன் பெயரிலேயே புதிதாக ஒன்று ஆரம்பி. இந்தக் கணக்கு ஓடும்போதே அதையும் மெதுவாக ஓட்டு. உனக்கு இப்போது எல்லாமே தெரியும்.

குளிர் அதிகம். கம்பளி கொடுத்திருக்கிறார்கள்.

ஜீவா

*

ஆம்பூர்
27-2-2025

அன்பு ஜீவாவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இரு.

முதலில் பெயர் மாற்றுகிற கதை. வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவே முடியாதாம். "அவங்க கன்னியாஸ்திரி ஆகப் போறாங்கம்மா, உலகத்தையே விட்டுட்டாங்க" என்றேன். "அதற்கான வசதி தற்போது இல்லை மேடம்" என்கிறாள். நீ உலகத்தைத் துறக்க ஆண்டவர் சம்மதித்தாலும் இவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் போல.

புதிதாக ஆரம்பி என்றாய். நட்சத்திரமே இல்லாத கடையில் எவன் வாங்குவான்? அதைத் தள்ளிப் போட்டேன். அதற்குள் இடி விழுந்தது.

புனேயில் பெரிய கம்பெனி ஒன்று ஐம்பது டஜன் தோல் கீ செயின் கேட்டது. நம் வழக்கப்படி டஜனுக்கு ஒன்று கொசுறு வைத்து அனுப்பினேன். இந்த ஊரில் டஜனுக்குப் பன்னிரண்டை மட்டும் கொடுத்தால் கஞ்சப் பிசினாறி என்பார்கள். அங்கே கிடங்கில் எண்ணியிருக்கிறார்கள். ஐம்பது அதிகம். 'அளவு பொருந்தவில்லை' என்று புகார்! குறைந்தது என்று புகார் சொன்னால் ஒரு நியாயம் இருக்கிறது. கூடக் கொடுத்ததற்குப் புகார் சொல்கிறவனை நீ கண்டதுண்டா? "ஏமாத்துனா கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்க போல" என்றாள் தனகோடி. தளத்தார் முந்தைய ஆர்டர்களிலும் இப்படியே என்று தோண்டி எடுத்து, சந்தேகத்துக்குரிய கணக்கு என்று முடக்கிவிட்டார்கள். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் உரிமையாளர் கேமரா முன்னால் முகம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு போய்விடும்.

நான் முகத்தைக் காட்டினேன். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. எல்லாம் செய்தேன். 'நீங்கள் இந்தக் கணக்கின் உரிமையாளர் அல்ல' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. "டேய், தச்சது நான்டா!" என்று கத்திவிட்டேன். "போன்கிட்ட இன்னாத்துக்குக் கத்துற" என்று உன் மாமா பிடுங்கிக்கொண்டார்.

ஜீவா, இரண்டே நிமிஷம். உன் முகம் வேண்டும். எப்படியாவது மதரிடம் கேள். மூன்று மெஷினும் சும்மா கிடக்கிறது.

ஹெலன்

*

ஆம்பூர்
22-3-2025

மதிப்பிற்குரிய மதர் அன்னம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலத்துக்கு ஆண்டவரை வேண்டுகிறேன். நான் ஜீவாவின் அக்கா. என்னைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கடிதங்களை எல்லாம் படித்திருப்பீர்கள்.

போன மாதம் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. தவக்காலத்தில் அங்கே கடிதம் கிடையாது என்று எங்கள் பங்குச்சாமியார் சொன்னார். மதர், நாங்களும் தவக்காலத்தில்தான் இருக்கிறோம். யோகலட்சுமி திரும்பவும் கம்பெனி கேட்டில் போய் நிற்கிறாள். தினம் காலையில் வேலை உண்டா என்று பில்கிஸ் கேட்கிறாள். அவளுக்கு ரமலான் நோன்பு, அந்தப் பசியோடு வந்து நின்று கேட்கிறாள்.

எங்கள் அம்மா இறந்தபோது ஜீவாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் நான் கட்டிங் மேசையில் நின்று படிக்க வைத்தது. அவளைக் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. அவள் முகத்தை இரண்டு நிமிஷம் கேட்கிறேன். அதையும் கொடுக்க மாட்டீர்கள் என்றால், சும்மா கேட்கிறேன், அங்கே எந்த ஆண்டவரை வைத்திருக்கிறீர்கள்?

மரியாதைக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஹெலன் பிரேம்நாத்

*

நவதுறவு இல்லம்
29-3-2025

அன்புள்ள ஹெலனுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. எனக்கு மூட்டுவலி தவிர வேறு குறை இல்லை.

பிப்ரவரியில் நீங்கள் எழுதியது தவக்காலம் தொடங்கிய பின் வந்ததால் மேசையில் வைத்துவிட்டேன். பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்த முறை எல்லாவற்றையும் வழக்கம்போல் படித்தேன். எந்த ஆண்டவர் என்ற கேள்வியையும் படித்தேன்.

அந்தச் சேவை எண்ணுக்கு நானே பேசினேன். ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது. யாரம்மா மன்னிப்புக் கேட்பது என்றேன். திரும்பவும் மன்னிப்புக் கேட்டது. அது இயந்திரம் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. நாற்பது வருடத் துறவு வாழ்வில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் போவதில்லை.

கொடுப்பதைக் கூட்டிக் கொடுத்தவளைத் தண்டிக்கும் நியாயம் எனக்கும் விளங்கவில்லை. முகம் காட்டும் இணைப்பைக் இத்துடன் உள்ள சீட்டில் எழுதிய என் கைப்பேசி எண்ணுக்கு அனுப்புங்கள். ஜீவாவை உட்கார வைக்கிறேன்.

ஆசீருடன்,
சி. அன்னம்மாள்

*

ஆம்பூர்
9-4-2025

ஜீவா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நேற்று மத்தியானம் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது என்று செய்தி வந்தது. பதறிப்போய் மதருக்குப் போன் செய்தேன். முகம் சரியாகப் பொருந்தியது என்கிறார். அப்புறம் ஏன் மூடினார்கள் என்றால், "ஜீவாவே எழுதுவாள்" என்று வைத்துவிட்டார்.

முகம் பொருந்தியது, கணக்கு மூடியது. என்னடி செய்தாய்?

ஹெலன்

*

நவதுறவு இல்லம்
21-4-2025

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நீ இந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க மாட்டாய் என்று தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மதர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். முதலில் பொருந்தவில்லை, முக்காட்டை நீக்கச் சொன்னது. மதரைப் பார்த்தேன். தலையசைத்தார். எடுத்தேன். பொருந்திவிட்டது. பச்சை எழுத்தில் என் பெயர் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அடுத்து ஒரு கேள்வி வந்தது. 'இந்த வணிகத்தை நீங்களே நடத்துகிறீர்களா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மதர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

விரல் ஆம் பக்கம்தான் போனது. யோகலட்சுமி கேட்டில் நிற்பதை நினைத்தேன். ஆனால் நான் ஒரு பர்ஸாவது தைத்தேனா? ஒரு தோலையாவது தடவிப் பார்த்து வாங்கினேனா? அந்த நட்சத்திரம் ஒவ்வொன்றும் உன் கை. பொய் சொல்லக் கூடாது என்று பயந்து மட்டும் செய்யவில்லை. இன்றைக்கு ஆம் என்றால், நாளைக்கு மறுபடி முகம் கேட்பார்கள், நான் மறுபடி வர வேண்டும். கடைசி வரைக்கும் நீ என் பெயருக்குப் பின்னால் நின்று தைத்துக்கொண்டிருப்பாய். இல்லை என்று அழுத்தினேன்.

திட்டு. ஆனால் ஜூன் எட்டாம் தேதி வார்த்தைப்பாட்டுக்கு வா.

ஜீவா

*

ஆம்பூர்
11-5-2025

அன்பு ஜீவாவுக்கு,

மூன்று வாரமாக உனக்கு எழுதிக் கிழித்த தாளில் இன்னொரு பர்ஸ் டிசைனே போட்டிருக்கலாம். ஒரு கட்டம். அதில் ஒரு விரல். எனக்காக அதைச் செய்ய உனக்கு மனசு வரவில்லை. நான் இதை மறக்கப் போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னால் பில்கிஸுக்கு வருகிற பக்ரீத் பெருநாளுக்கும் துணி இல்லை. அவள் உன்னைத் திட்டவில்லை. "சரியாத்தான் சொல்லிக்கீது" என்றாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

என் பெயரில் ஆரம்பித்துவிட்டேன். பேன் கார்டு, பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் நானே போட்டேன், எவன் உதவியும் இல்லாமல். கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டினேன். ஏற்றுக்கொண்டது. மேலே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'புதிய விற்பனையாளர்.' இருபது வருஷம் தோல் வெட்டினவளைப் புதியவள் என்கிறார்கள். டஜனுக்குப் பன்னிரண்டுதான் அனுப்புகிறேன், அனுப்பும்போதெல்லாம் கூசுகிறது. நாக்பூர்க்காரர் மட்டும் தேடி வந்து ஐம்பது எடுத்தார். ஹெலன் மேடம் என்று எழுதியிருந்தார். தனகோடி அதைச் சத்தமாக இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இன்னும் இரண்டு மெஷின் சும்மாதான் கிடக்கிறது.

வார்த்தைப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று யோசித்தேன். ஒரு வருஷமாக உன்னை ஒரே கேள்வி கேட்கிறேன். நீ படத்தைப் பற்றி எழுதினாய், விலையைப் பற்றி எழுதினாய், கத்தரிக்காயைப் பற்றி எழுதினாய். அதற்கு மட்டும் பதில் எழுதவே இல்லை. கடிதத்தைப் பிரித்துப் படிப்பதால் எழுதவில்லையா, எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லையா என்று எனக்குத் தெரியாது. மதர், இதையும் படிக்கிறீர்கள் என்று தெரியும். நன்றாகப் படியுங்கள்.

பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, உன் முழு விருப்பத்தோடுதான் வந்தாயா என்று எல்லார் முன்னாலும் கேட்பார்களாமே? பங்குச்சாமியார் சொன்னார். அங்கே கேட்பது மனுஷன். நீ ஒரு மெஷினிடமே பொய் சொல்லாதவள். எனக்காகவே சொல்லாதவள். அப்படியே அன்றைக்கும் சொல். ஆம் என்றால் உரக்கச் சொல், பின் வரிசையில் எனக்குக் கேட்க வேண்டும். அதற்கப்புறம் உன்னை இந்தக் கேள்வி கேட்கவே மாட்டேன். இல்லை என்றால் யாரைப் பார்த்தும் பயப்படாதே. வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருப்பேன்.

முந்தின நாளே வருகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெலன்